கடைசி வீட்டில் கொதிக்காத தண்ணீர்

1982ஆம் ஆண்டு, மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தண்ணீர் கொதிக்கவில்லை. அடுப்பில் குறையில்லை. மண்ணெண்ணெய் எரிந்தது, கெட்டிலின் அடி கறுத்தது. உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுகொண்டது.

அந்த வீட்டுக்கு, தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து ஊழியத்துக்கு வந்த பாஸ்டர் ஈசாக்கும் அவர் மனைவி நவமணியும் குடிவந்திருந்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு கிறிஸ்தவர். மானேஜரிடம் பேசி வீட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். குடிவந்த காலையில் பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒரு செம்புப் பாலோடு வாசலில் நின்றாள். புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்த லயத்தில் அதுதான் வழக்கம். ஊரில் ஈசாக்கின் அம்மாவும் செய்ததுதான். ஆனால் வந்த அன்றே ஒன்றுக்குச் சரியென்றால் நாளைக்கு எதற்கெல்லாம் சரியென்பது என்று அவருக்குப் பயம். ஜெபம் பண்ணியாயிற்று, அது போதும் என்று செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப நீங்க வந்திருக்கிறது வீட்டுக்கு எப்படித் தெரியும்?" என்று காளியம்மா கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வீட்டுக்குத் தெரியவில்லை. அரிசி ஊறியது, வேகவில்லை. இருவரும் ரொட்டியும் சார்டினும் தின்றார்கள். ஈசாக்கு லயம் லயமாகப் போனார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். திருப்பி அவர்களை ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வாய் வரவில்லை. தேத்தண்ணி கொடுக்க முடியாத வீட்டுக்கு யாரை வா என்பது? கிறிஸ்துமஸுக்குள் தன் அடுப்பில் சோறு வேகவில்லை என்றால் ஊருக்குப் போய்விடுவேன் என்றாள் நவமணி. பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாள், பாஸ்போர்ட் மேலாக இருந்தது. அதற்குப் பிறகு ஈசாக்கால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திரியை மாற்றினார், குழாயை மாற்றினார், உபவாசம் இருந்தார். சுங்கை செம்பிலாங் வரை பஸ்ஸில் போய் ஒரு மீன்காரர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை டின்னில் பிடித்து வந்தார். அதுவும் அதே சூட்டில் நின்றது. கடைசியில் தன் வீட்டுத் தண்ணீரையே ஒரு போத்தலில் ஊற்றி, மூசாவின் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். மூசா அடுப்பில் வைத்ததும் அது பொங்கி வழிந்தது.

"தண்ணியில கோளாறு இல்லலா, பாஸ்டர். நீங்க போயி வீட்டுக்கிட்டதான் கேக்கணும்" என்றார் மூசா. கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நடந்ததைக் கேட்ட நவமணி அடுப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அங்கே உலை கொதித்தது. வெளியே சமைப்பவளை யாரும் பேசாமல் கடந்துபோக முடியாது. காளியம்மா வந்து குழம்பில் புளி பத்தவில்லை என்றாள். அடுத்த நாள் அதே லயத்து லீலாவதி மாசமான வயிற்றோடு வந்து உட்கார்ந்தாள், எண்ணெய்ப்பனைக் காட்டிலிருந்து வேலை முடிந்து வந்தவர்களும் நின்றார்கள். எப்படியும் நிற்கிறார்களே என்று ஈசாக்கு ஒரு சங்கீதம் வாசித்தார். மழைக்காலம் வந்தபோது லோரி ஓட்டும் அப்பளசாமி நான்கு கம்பம் நட்டு மேலே தகரம் போட்டான்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஈசாக்கு ஒரு காலையில் காளியம்மா வாசலில் தலை குனிந்து நின்று, அந்தப் பாலை இப்போது கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவள் செம்போடு வந்தாள். நவமணி அதை வழியில் வாங்கி, முற்றத்துத் தேத்தண்ணிச் சட்டியில் ஊற்றினாள்.

"வேணாங்க்கா. உள்ள கொதிக்க ஆரம்பிச்சிட்டா நானும் உள்ள போயிருவேன்."

அன்று பெட்டியைக் காலி செய்து, வருகிறவர்கள் உட்காரத் தகரத்தடியில் கவிழ்த்துப் போட்டாள்.

லீலாவதிக்கு மாசியில் பெண் பிறந்தது. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து கைவைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். அதன்பின் அந்தத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளெல்லாம் கடைசி வீட்டுத் தண்ணீரில்தான் குளித்தன. வாளியோடு யாராவது வந்து நிற்பார்கள். ஈசாக்கு பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே அடுப்பிலிருக்கும் கெட்டிலை எடுத்து வந்து ஊற்றுவார்.