குரல் உடையாத கார்

பட்டறைக்காரருக்கும் பாட்டு வாத்தியாருக்கும் ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு சண்டையாவது நடந்திருக்க வேண்டுமே! அக்காவை வாத்தியாரும் தங்கையைப் பட்டறைக்காரரும் கட்டியிருந்தார்கள். வீட்டு விசேஷங்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். “எப்படி இருக்கீங்க சகலை?” என்பார் ஒருவர். “இருக்கேன் சகலை” என்பார் மற்றவர். அதோடு சரக்கு தீர்ந்துபோகும். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாத்தியாரின் கார் பழுதானால் மட்டும் பேச்சு கொஞ்சம் நீளும். மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடச் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் அந்தப் பழைய வெள்ளைக் காரில் வளைவு வளைவாக ஏறிப் போவார். மிதிவண்டிக்குக்கூட வழிவிட்டு ஓட்டுகிறவர் என்று குடும்பத்தில் அவருக்குப் பெயர்.

அன்று அவர் பட்டறைக்குள் தயங்கித் தயங்கி வந்தார்.

“கார் முன்ன மாதிரி இழுக்கல சகலை. அதைவிட… அதோட குரல் மாற மாட்டேங்குது.”

“குரலா?”

“முன்னெல்லாம் மலையில ஏறும்போது ஒரு இடத்துல திடீர்னு குரல் மாறும். பையன்களுக்குக் குரல் உடையுமே, அந்த மாதிரி. இப்ப உடையவே மாட்டேங்குது. ஒரே சுருதியில முனகிக்கிட்டே ஏறுது.”

பட்டறைக்காரர் தலையாட்டிக்கொண்டார். இன்ஜினுக்கு ஜலதோஷம் என்று சொல்லாமல் விட்டாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார், காரின் கணினியில் கருவியைச் சொருகிப் பார்த்தார். ஒரு குறையும் காட்டவில்லை. “பிரமாதமா இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

அடுத்த வாரம் கார் திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. “நீங்க பார்த்தப்புறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குரல் மட்டும்…” என்று வாத்தியார் இழுத்தார். பட்டறைக்காரருக்கு எரிச்சல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவியின் அக்கா புருஷன் என்பதால் அதை அப்படியே விழுங்கினார்.

வீட்டில் மனைவியிடம்தான் கொட்டித் தீர்த்தார். “உங்க அத்தானுக்குக் கார் பாட்டுப் பாடணுமாம்! நான் மெக்கானிக்கா, இல்ல பக்கவாத்தியமா?”

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “மலையிலதானே தொந்தரவுன்னு சொல்றார்? நீங்க ஷெட்டுக்குள்ள வச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்? ஒரு தடவை கூடப் போய்த்தான் பாருங்களேன். உங்களை ஒண்ணும் கடிச்சிட மாட்டார்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாத்தியாருக்குப் போன் போட்டார். அவள் சொல்வது சரி என்றால் அவர் வழக்கமாகச் செய்கிற காரியம் அந்த முணுமுணுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினார்கள். குளிர்காற்று சில்லென்று அடித்தது. மலைப்பாதை தொடங்கியதும் வாத்தியார் கியரை இரண்டுக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். பட்டறைக்காரர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மிதிவண்டிக்கு வழிவிடுகிற மனுஷனா இது!

“சகலை, நீங்க இப்படியா ஓட்டுவீங்க?”

வாத்தியார் காதுவரை சிவந்துபோனார். “வீட்டுல சொல்லிடாதீங்க. அந்தக் குரல் மாறுறதைக் கேக்கத்தான். காலையில அதைக் கேட்டாத்தான் எனக்கு நாளே விடியும்.”

இன்ஜினின் வேகம் ஏறி ஏறி உச்சிக்குப் போனது. ஒன்றும் மாறவில்லை. பட்டறைக்காரருக்குச் சட்டென்று உறைத்தது. வேகம் ஏறினால் குரல் மாறுகிற ஏற்பாடு இந்த இன்ஜினில் உண்டு! வாத்தியார் இத்தனை வாரமும் சொன்னது கற்பனை இல்லை. அவர் டாஷ்போர்டு முட்களைப் பார்த்தார். சூடு காட்டும் முள் அடிமட்டத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு மிதி மிதித்தும் இன்ஜின் சூடாகவில்லை.

“ஓரமா நிறுத்துங்க. கேட்டா மறைக்காம சொல்லணும். இந்தக் காரை வேற யாராவது தொட்டாங்களா?”

வாத்தியார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். “கோடையில ஒரு நாள் வழியில தண்ணி பொங்கி நின்னுடுச்சு. பக்கத்துல ஒரு மெக்கானிக் கடை இருந்துச்சு. அங்க இருந்தவர் ஏதோ ஒரு சாமானைக் கழட்டி எறிஞ்சுட்டு, இனிமே சூடே ஆகாதுன்னார். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு…”

“வேற டாக்டர்கிட்டப் போயிட்டு எங்கிட்ட நாடி பிடிக்கச் சொல்றீங்க!” என்று பட்டறைக்காரர் கத்தினார். கத்தும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. வாத்தியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பட்டறைக்காரர் விளக்கினார். “இன்ஜினுக்குள்ள காத்துப் போற வாசல்தான் வால்வு. கேம்ஷாஃப்ட்டுன்னு ஒரு தண்டு சுத்தும். அதுல இருக்கிற மேடு வந்து அமுக்கினா வால்வு திறக்கும், மேடு தாண்டினா மூடும். மெதுவா ஓடறப்ப வாசல் லேசா திறந்தாப் போதும். வேகமா ஓடறப்ப காத்து உள்ள வர நேரமே கிடைக்காது. அப்ப வாசல் இன்னும் ஆழமா, இன்னும் அதிக நேரம் திறக்கணும். அதுக்காக இந்தத் தண்டுல தாழ்ந்த மேடு ஒண்ணு, உயர்ந்த மேடு ஒண்ணு, ரெண்டும் இருக்கு. வேகம் ஏறினதும் கணினி ஆயிலைத் திறந்துவிடும். ஆயில் ஒரு சின்ன ஊசியைத் தள்ளும். அந்த ஊசி வால்வை உயர்ந்த மேட்டோட கோத்துவிட்டுடும். நீங்க கேட்ட குரல் அதுதான்.”

“ஓ! கீழ்ஸ்தாயிக்குச் சின்ன மூச்சு, மேல போக வயிறு நிறைய மூச்சு!”

“அதேதான். இன்னொண்ணும் இருக்கு. அந்தத் தண்டையே கொஞ்சம் முன்னால பின்னால திருப்பி, வாசல் எப்பத் திறக்கணும்ங்கிறதையும் மாத்தும்.”

“எங்க மூச்சு வாங்கணும்னுதான் பசங்ககிட்ட தினமும் தொண்டை கிழியக் கத்தறேன்” என்றார் வாத்தியார். “சரி, இப்ப ஏன் மாறல?”

“இன்ஜின் சூடாகலன்னா ஆயில் கெட்டியா இருக்கும், ஊசி ஒழுங்கா நகராது. அதனால சூடாகற வரைக்கும் கணினி அந்த வேலையையே தொடாது. சூட்டை அளவா வச்சிருக்கறது தெர்மோஸ்டாட், இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணிக்கு ஒரு கதவு மாதிரி. உங்களோடது மூடின வாக்குல மாட்டிக்கிட்டிருக்கும், அதான் பொங்குச்சு. அந்தப் புண்ணியவான் புதுசு போடாம அதையே பிடுங்கிட்டார். அதிலேர்ந்து தண்ணி ஓயாம சுத்திக்கிட்டு, இந்தக் குளிர்ல இன்ஜினைச் சூடாகவே விடல. என் ஷெட்டுல நின்னபடி ஓடினப்ப சூடாயிடுச்சு, அதனால எனக்கும் தெரியல. நீங்க சொன்னதைக் காதுல வாங்கியிருக்கணும்.”

மறுநாளே புது தெர்மோஸ்டாட்டைப் போட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் மலைக்குப் போனார்கள். இந்த முறை முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்து, வாத்தியார் மிதித்தார். இன்ஜின் முனகியது, ஏறியது, இன்னும் ஏறியது. திடீரென்று கரகரப்பு விலகி, தொண்டையைத் திறந்து உறுமியது. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது.

“உடைஞ்சிடுச்சு!” என்று வாத்தியார் கூவினார். பொதுவாக, வாடிக்கையாளர் காரைப் பற்றி இப்படிச் சொன்னால் பட்டறைக்காரர் பதறிப்போவார். அன்று அவரும் கூடச் சேர்ந்து கூவினார்.

உச்சியில் நிறுத்தி, கொண்டுபோன ரொட்டியைப் பானெட்டின் மேல் வைத்துத் தின்றார்கள். கீழே ஊர் வெயிலில் கிடந்தது. பட்டறைக்காரர் ஒன்றை யோசித்தார். இந்த மாதிரி இன்ஜின்கள் எத்தனையோ பிரித்துப் பூட்டிய கை அவருடையது. ஒன்றையாவது மலையில் ஏற்றி ரசித்ததில்லை. சரிசெய்து சாவியைக் கொடுத்ததோடு சரி.

அவர் சொல்லாமலே வாத்தியார் சாவியை நீட்டினார். “இந்த முறை நீங்க ஓட்டுங்க. நான் கேட்டுக்கிட்டு வர்றேன்.”

அதற்குள் வாத்தியாரின் போன் அடித்தது. அவர் மனைவிதான். “ரெண்டு பேரும் காலையில போனவங்க, இன்னும் ஆளைக் காணோம். அவ்வளவு நேரமா அப்படி என்னதான் பேசறீங்க?”

“பேசிக்கிட்டுதான் இருக்கோம், முடியல” என்றார் வாத்தியார். “கீழ இறங்கி, இன்னொரு தடவை ஏறிட்டு வந்துடறோம்.”