பூனைமுதுகில் மஞ்சள் கொடி

கோர்பீனியன் எந்தச் சாமானையும் எடுத்த இடத்தில் திருப்பி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. சுத்தியலைக் குளியலறையில் விட்டுவிட்டு வருவான், திருப்புளியை ரொட்டிக் கூடையில் போடுவான். கல்யாணமான நாளிலிருந்து கத்திக் கத்தியே அவன் மனைவி பூர்கிக்குத் தொண்டை கட்டிப்போனது. பந்தயத்தன்று காலையிலும் வாசல் நடுவில் கிடந்த அவன் பழைய பூட்ஸில் இடறி விழப் பார்த்தாள்.

"ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் உங்க சாமானால யாராச்சும் சாகப்போறாங்க, பாருங்க!"

"காலங்காத்தால நல்ல வாய் உனக்கு," என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

ஊரே மலையில்தான் இருந்தது. ஹிண்டர்மோஸ் பனிச்சறுக்குப் பந்தயம் என்றால் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைப்பு. பந்தய வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு சிவப்பு ஜாக்கெட், மதியம் கொழுக்கட்டை சைஸுக்கு உருண்டைகள் மிதக்கிற சூப், சாயங்காலம் ஒரு பீர், அவ்வளவுதான். இதற்காகப் பல் டாக்டரும் பாதிரியாரும் அடித்துப்பிடித்து வந்து பனியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். கோர்பீனியன் பந்தயப் பாதையைக் காட்டும் கம்பங்களை நடும் குழுவில் இருந்தான். பூர்கிக்கு வருஷா வருஷம் பாதை நடுவே பூனைமுதுகு என்கிற இடத்தில் காவல்.

பூனைமுதுகில் சரிவு மேடாக எழும்பிச் சட்டென்று கீழே விழும். பாய்ந்து வருகிறவனுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் நிற்கும் பூர்கிக்கு இரண்டு பக்கமும் தெரியும். கையில் மஞ்சள் கொடி, தோளில் வாக்கிடாக்கி. கொடி ஆடினால் வருகிறவன் நின்றே ஆகவேண்டும். ஆனால் நடுவர்கள் உத்தரவு இல்லாமல் கொடியை ஆட்டவே கூடாது.

நார்வேக்காரன் ஒருவன் மேட்டுக்குக் கீழே ஒரு கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தான். ஆளுக்கு ஒன்றுமில்லை. கோர்பீனியனின் குழு ஓடிவந்து பனியில் புதுத் துளை போட்டுக் கம்பத்தை நட்டது. பாதை சரி என்று வாக்கிடாக்கியில் சொன்னார்கள். அடுத்து வாலன்டீன்.

வாலன்டீன் உள்ளூர்ப் பையன். பூர்கியின் மகனோடு அவள் வீட்டில் உண்டு உருண்டு வளர்ந்தவன். போன வருஷம் முழங்கால் ஜவ்வு கிழிந்து படுத்தவன் இப்போதுதான் திரும்பி வந்திருந்தான். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவன்தான் எல்லாரையும்விட வேகம் என்று ஒலிபெருக்கி அலறியது. கீழே ஊர் உற்சாகத்தில் மாட்டுமணிகளைக் குலுக்கித் தள்ளியது.

அப்போதுதான் மேகம் விலகி வெயில் அடித்தது. மேட்டுக்குக் கீழே, வாலன்டீன் வந்து இறங்கப்போகிற அதே தடத்தில், கறுப்பாக ஏதோ கிடந்தது. பனியில் துளை போடுகிற டிரில்லிங் மெஷின். பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. யாருடையது என்று பூர்கிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கிடாக்கியில் கத்தினாள், அதில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்தரவாவது மண்ணாவது என்று கொடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

வாலன்டீன் நிமிர்ந்தான். சறுக்குக்கட்டைகளைக் குறுக்கே திருப்பி, பனியை வாரி இறைத்துக்கொண்டு மேட்டின் விளிம்பில் வந்து நின்றான்.

"என்ன அத்தை பண்றீங்க? நான்தானே முன்னாடி இருந்தேன்!"

"கீழ மெஷின் கிடக்குதுடா!"

அவன் எட்டிப் பார்த்தான். "எங்க?"

பூர்கியும் பார்த்தாள். வெறும் பனிதான் இருந்தது. ஓரத்துப் பாதுகாப்பு வலைக்குப் பக்கத்தில் கோர்பீனியன் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் ஊளையிட்டது. நடுவர் குழுத் தலைவர் கிஸ்ட்ரைன் கடுகடுவென்று சறுக்கி வந்தார். கம்பக் குழுவையும் மேட்டுக்கு வரச்சொன்னார்.

"யார் சொல்லிக் கொடி ஆட்டின, பூர்கி?"

"யாரும் சொல்லல. தடத்துல ஒரு மெஷின் கிடந்துச்சு."

"யாராச்சும் எதையாச்சும் விட்டுட்டு வந்தீங்களா?" என்று குழுவைக் கேட்டார்.

பூர்கி புருஷனைப் பார்த்தாள். மெஷின் யாருடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் மீசை முளைத்த காலத்திலிருந்து அவன் இருக்கிற குழு அது. அதிலிருந்து துரத்தினால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான். வாயைத் திறந்து தொலையேன் பாவி என்று மனதுக்குள் வைதாளே தவிர, அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"பையனுக்கு மறுபடி சறுக்க வாய்ப்பு உண்டு," என்றார் கிஸ்ட்ரைன். "நீ ஜாக்கெட்டக் கழட்டு."

அவள் கொடியைப் பனியில் குத்திவிட்டு ஜிப்பில் கை வைத்தாள். அதற்குள் இன்னொரு ஜிப் கரகரத்தது. கோர்பீனியன் தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மெஷினை வெளியே இழுத்தான்.

"என்னோடதுதான். கம்பத்த நட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். அவ கொடிய ஆட்டினதும்தான் கண்ணுல பட்டுச்சு. பயத்துல ஒளிச்சிட்டேன்."

"எங்க கிடந்துச்சு மாமா?" என்றான் வாலன்டீன்.

கோர்பீனியன் கையை நீட்டிக் காட்டினான். வாலன்டீன் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். கை தானாக முழங்காலைத் தடவியது. பிறகு மேலே கொண்டுபோக வந்த ஹெலிகாப்டரில் ஏறினான். கோர்பீனியன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். கிஸ்ட்ரைன் கொடியை எடுத்துப் பூர்கி கையில் திரும்பக் கொடுத்தார்.

வாலன்டீன் மறுபடி வந்தபோது பூர்கி மூச்சு விடவில்லை. அவன் மேட்டைத் தாண்டிப் பறந்தான், இறங்கினான், போய்க்கொண்டே இருந்தான். அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இரண்டாம் தடவை இறங்கியதில் கால் சோர்ந்துபோய் அவன் பதினொன்றாவதாகத்தான் வந்தான்; ஊர் முணுமுணுத்தது. முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். பையன் இரண்டு காலோடு கீழே போய்ச் சேர்ந்துவிட்டான், அவளுக்கு அது போதும். நெஞ்சிலிருந்து பெரிய பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கோர்பீனியன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மெஷின் சுவரில் ஆணியில் தொங்கியது.

"திட்டணும்னா திட்டிரு," என்றான்.

"என்னத்தத் திட்ட? நீங்களாத்தான வெளிய எடுத்தீங்க."

வாசலில் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கையில் பீர் பாட்டில்களோடு வாலன்டீன் குப்புறக் கிடந்தான். காலடியில் கோர்பீனியனின் பழைய பூட்ஸ்.

"ஏன் அத்தை, இதுக்கெல்லாம் கொடி ஆட்டமாட்டீங்களா?"

"ஐயோ, முழங்கால்!"

"அது நல்லாத்தான் இருக்கு. பாட்டிலும் உடையல."

பூர்கிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது; சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோர்பீனியன் எழுந்து வந்து பூட்ஸைக் கையில் எடுத்தான். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.