வரிசை மாறிய பன்னிரண்டு சொற்கள்

மணி இரண்டே முக்கால். சலவைக்கடைக்காரி கல்லாமேசையில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பியை முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் மடியில் ஓர் எஃகுத் தகடு. கையில், அவசரத்துக்கு வாங்கிய புது போன். தகட்டைப் பார்ப்பதும் போனில் தட்டுவதுமாக இருந்தான். மூன்றாவது தடவையாகவும் போன் சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று சொல்லிவிட்டது.

கடையின் பெரிய மெஷின் போன வாரம் டிரம் உடைந்து படுத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் நாற்பது அறை விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் அவளிடம் வரப்போகின்றன. அந்த வேலை நிலைத்தால் கடை பிழைக்கும். கைநழுவினால் வாடகைக்கே தாளம் போட வேண்டியதுதான். பழைய மெஷின் விற்கிறவர் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தார். “நாலு மணி வரைக்கும் பார்ப்பேம்மா. அப்புறம் வேற ஆளு நிக்குது, கோச்சுக்கக் கூடாது” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். போனில் அனுப்பினாலும் சரி, கையில் கொடுத்தாலும் சரி, அவருக்குக் காசு வேண்டும்.

காசு இருந்தது. எட்டு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. அதுதான் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

அதற்கு அவளும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லமுடியாது. ஊரார் பைகளையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத் துணியைப் போடுகிறவள், இன்று காலை தன் மேலங்கிப் பையைத் தடவவில்லை. சின்ன மெஷினில், கொதிக்கிற தண்ணீரில், ஒன்றரை மணி நேரம் துவைத்துப் பிழிந்து வெளியே வந்தது பழைய போன். அவ்வளவு சுத்தமாக அது என்றைக்குமே இருந்ததில்லை.

“பயப்படாதேக்கா, இதுக்குத்தானே ஏற்பாடு பண்ணிவெச்சேன்” என்று ஓடிவந்தான் தம்பி. தெருவில் அவனுக்கு ‘முன்னேற்பாடு’ என்றே பெயர். வீட்டில் பதினோரு டிரம் குடிநீர், சூரிய விளக்கு நான்கு, கையால் சுற்றினால் பாடும் ரேடியோ. பேங்க் கவிழும், கரண்ட் போகும், நம் காசு நம் கைக்குள் இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் காதைக் குடைந்து, அக்காவின் சேமிப்பையெல்லாம் டிஜிட்டல் காசாக மாற்றிக் கொடுத்தவன் அவன்தான். போன் தொலைந்தால்கூடக் கவலையில்லை, பன்னிரண்டு சொற்களை வரிசையாகப் போட்டால் எந்தப் போனிலும் காசு திரும்ப வந்துவிடும் என்றான். காகிதம் எரியுமாம், நனையுமாம். அதனால் சுத்தியலும் எழுத்து அச்சும் வாங்கி, அந்தச் சொற்களை எஃகுத் தகட்டில் அடித்துவைத்தான்.

“சொல்லெல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்றாள் அவள்.

“எல்லாம் சரிதான். வரிசைதான்...”

“வரிசைக்கு என்ன?”

“மாத்தி அடிச்சிருக்கேன். தகடு திருடன் கையில கிடைச்சா? எந்த வரிசைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்போ போடேன், ராசா.”

அவன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான், மோட்டுவளையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். “மறக்கவே முடியாத மாதிரி ஒரு கணக்கு வெச்சேன்க்கா. என்ன கணக்குன்னுதான் ஞாபகம் வரலை.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் காசு! அந்தக் கணக்கை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவெச்சா என்னடா? வாய் வலிக்குமா?”

“உன்னை யாராவது கடத்திட்டுப் போய் மிரட்டினா நீ சொல்லிடுவியே.”

“என்னைக் கடத்தி என்ன பண்ணுவான்? போர்வை துவைக்கச் சொல்வானா?”

“கோவப்படாதே. பன்னிரண்டு சொல்லை நாப்பத்தேழு கோடிக்கு மேல விதவிதமா அடுக்கலாம். எப்பேர்ப்பட்ட திருடனாலயும் முடியாது” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை பொங்கியது. இந்த நேரத்தில்! இவனை என்ன செய்தால் தகும்?

மணி மூன்றேகால். பிறந்தநாள் வரிசை, வீட்டு எண், அகர வரிசை என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தான். போன் ஒவ்வொன்றுக்கும் சிவப்பாகவே பதில் சொன்னது. அவளுக்கு அழுகையும் வந்தது. விரிப்புகளுக்கு நேற்றே கொடி கட்டிவைத்திருந்தாள்.

“சரி, விடு. உன் காசுல இருந்து அனுப்பு. உன் வரிசை உனக்கு மறந்திருக்காதில்ல?”

தம்பி தகட்டைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான்.

“உன்கிட்டதான் கேக்கறேன். உன் காசும் இதே மாதிரிதானே இருக்கு?”

“இல்லக்கா.”

“பின்னே?”

“நோட்டாத்தான் இருக்கு. வீட்ல, தகர டப்பாவில.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “எல்லாத்தையும் ஒரே இடத்துல போடக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இது ஏதாவது ஆயிட்டா... ஒரு பத்திரத்துக்கு...”

அவள் கத்துவாள் என்று அவன் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானான். கத்தவில்லை. ஆறு மாதம் தன் காதைக் குடைந்த அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போய் எடுத்துட்டு வா. மெஷினுக்கு எவ்வளவோ அவ்வளவு.”

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, மூச்சு வாங்க, அவன் டப்பாவோடு வந்து சேர்ந்தான். அவள் எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மெஷின்காரருக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டேன் என்றாள். பிறகு எஃகுத் தகட்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

“இனிமே இதுல இருக்கறது உன் காசு. எனக்கும் உனக்கும் சரியாப்போச்சு.”

“அக்கா, ஒருவேளை வரிசை கடைசி வரைக்கும் ஞாபகம் வரலைன்னா என் காசு என்ன ஆகறது?”

அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“இந்தக் கேள்வியை, அது என் காசா இருந்தப்ப நீ ஒரு தடவையாவது கேட்டியாடா?”