கமலாலயா நகரின் நுழைவு வளைவு

கமலாலயா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் லோகநாயகி மதித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. இருந்தாலும் சங்கத்தின் கூட்டம் எதையும் அவள் தவறவிட்டதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைவர் கங்காதரன் வீட்டு போர்ட்டிகோவில் போட்ட மடக்கு நாற்காலிகளில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருப்பாள்.

அவளை அங்கே இழுத்துப்போனது தெரு. விருத்தாசலத்தில், எதிரெதிர் வீட்டுக் கூரைகள் முட்டிக்கொள்ளும் சந்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோதுதான் ஒரு தெரு எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி வீடுகள். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். ஒரு வீட்டுப் படிகூட ரோட்டுக்குக் கால் நீட்டாது. கணவர் கலியமூர்த்தி அங்கே ஃபிட்டர். அவருக்கு ஓய்வு நெருங்கியதும் மனை தேடினார்கள். பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் போகிற வழியில் புதிதாகப் போட்டிருந்த கமலாலயா நகர்தான் வேண்டும் என்று லோகநாயகி ஒற்றைக்காலில் நின்றாள். காரணம், அதன் லே-அவுட் வரைபடம். முப்பதடி ரோடு. வீட்டுக்கு முன்னால் பத்தடி காலியாக விட வேண்டும். ஒரு மாடிக்கு மேல் கட்டக் கூடாது.

"காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார் கலியமூர்த்தி.

"அதை ரோட்டுலயும் இருக்க வைக்கத்தானே சங்கம்?"

எண்பத்தொன்பதில் குடிவந்தார்கள். அந்தச் சங்கம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிய அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை.

கங்காதரன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர் எவராக இருந்தாலும் கவுன்டருக்கு வெளியே நிற்பதாக நினைத்துத்தான் பேசுவார். 'தெருவின் தோற்றம்' என்ற சொல்லை எந்நேரமும் வாயில் குதப்பிக்கொண்டிருப்பார். செயலாளர் வீரராகவன், தலைவர் சொன்னதையே 'அதாவது' என்று ஆரம்பித்து இன்னொரு தடவை சொல்வார். அதைத் தவிர அவர் சங்கத்துக்குச் செய்த வேலை என்னவென்று லோகநாயகி பல நாள் யோசித்தும் பிடிபடவில்லை.

இந்த இருவரும் சேர்ந்து தெருவின் தோற்றத்தைக் காக்க நடத்திய முதல் போர், வடிவின் இரண்டு எருமைகளுக்கு எதிரானது. நகர் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் வடிவின் மாமனாருடையது. விற்றது போக மிஞ்சிய துண்டில் அவள் குடிசை இருந்தது. நகரின் முனையில் ரோட்டோரம் எருமைகளைக் கட்டி, வீட்டுக்காரர்கள் கண்ணெதிரிலேயே கறந்து கொடுப்பாள். கமிட்டி உறுப்பினர்கள் அத்தனை பேரும் காலையில் குடித்தது அந்தப் பாலில் போட்ட காப்பிதான். அதைக் குடித்துவிட்டு வந்துதான் எருமைகளை அகற்றத் தீர்மானம் போட்டார்கள்.

லோகநாயகி எழுந்தாள். "உங்க வீட்டுப் படி மூணு ரோட்டுல நிக்குது சார். வீரராகவன் சார் ரோட்டை வளைச்சு முள்வேலி போட்டுக் கத்திரிக்காய் பயிர் பண்றார். அதெல்லாம் தோற்றத்துல சேராதா?"

கங்காதரன் சிரித்தார். "மேடம், அதெல்லாம் டெம்பரரி."

"அதாவது, நிரந்தரமில்லை" என்றார் வீரராகவன்.

மறுவாரம் பஞ்சாயத்து ஆள் வந்து எருமை கட்டும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிப் போட்டான். வடிவு நேராக லோகநாயகி வீட்டு கேட்டுக்கு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது அநியாயம்? எங்க மாமனாரு நெல்லு போட்ட எடம். இப்ப என் மாடு நின்னா இவுங்களுக்கு நாறுதா? பாலு மட்டும் மணக்குதா?"

"நான் சொல்லிப் பார்த்தேன் வடிவு. அவங்க காதுல ஏறல."

"ஏறாதுன்னு தெரிஞ்சிகினு நீ இன்னாத்துக்கு அந்தாண்ட போய்க் குந்திகினு கீற?"

தானும் போகாவிட்டால் அந்த போர்ட்டிகோவில் வரைபடத்தை நினைத்துப் பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார் என்று லோகநாயகிக்குத் தோன்றியது.

தொண்ணூற்றொன்றின் கடைசியில், நகருக்குள் நுழைகிற இடத்திலேயே, முதல் தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்த மூலை மனையை உத்தமன் என்பவன் வாங்கினான். பூந்தமல்லிக்காரன். இரும்புக்கடை வைத்திருந்துவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தவன். நாலு மாடி அடுக்குமாடி எழுப்பப் போகிறான் என்று தெரிந்ததும் சங்கம் கொதித்தது. இந்தத் தடவை கொதித்ததில் நியாயம் இருந்தது. முன்பக்கம் ஒரு முழம்கூட விடாமல் ரோட்டை ஒட்டி அஸ்திவாரம் தோண்டினான்.

கங்காதரன் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஒரு மனு எழுதினார். நாகரிகம், பண்பாடு எல்லாம் அதில் இருந்தன. மனை எண் இல்லை. லோகநாயகி அதை ஓரமாக வைத்துவிட்டு, சங்கத்தின் பேரிலேயே தமிழில் ஒரே பக்கத்தில் வேறு மனு எழுதினாள். வரைபடத்தை நகலெடுத்து இணைத்தாள். பட்டணத்திலிருந்த திட்ட அலுவலகத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். அங்கே பெஞ்சில் காத்திருந்தாள். திரும்ப வரச் சொன்னார்கள். திரும்பப் போனாள். அப்படிப் பல நடை நடந்த பிறகு ஒரு நாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்து இறங்கி, டேப் பிடித்து அளந்து, வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் கங்காதரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "நான் விடமாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் கண்கலங்கினார். அந்த அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டும் போல இருந்தது லோகநாயகிக்கு. கேட்கவில்லை. வேலை நின்றது, அது போதும்.

உத்தமன் சண்டைக்கு வரவில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு ஞாயிறு கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையில், கை கட்டியபடி வந்தான். கங்காதரன் உட்காரச் சொல்லும்வரை நின்றான். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"சார், நீங்கல்லாம் படிச்சவங்க. எனக்கு ஒரே ஒரு கொறைதான். இவ்ளோ பெரிய நகரு, இத்தினி பெரிய மனுசாள் கீற எடம், உள்ள வர்றதுக்கு ஒரு முகப்பு இல்லியே? அண்ணா நகர்ல பாருங்க, வளைவு நிக்குது. நம்ம முனையில நான் ஒண்ணு கட்டித் தரேன். தூண்ல கருப்புக் கல்லு பதிச்சு, தலைவரு பேரு, செயலாளரு பேரு, கமிட்டி பேரு எல்லாம் தங்க எழுத்துல வெட்டிடலாம். நாளைக்கி உங்க பேரப் புள்ளைங்க வந்து பாக்கும் சார்."

கங்காதரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீரராகவன் 'அதாவது' என்று ஆரம்பித்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் நிறுத்தினார். லோகநாயகி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை பேரும் கல்லில் தங்கள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொள்கையளவில் நாம அடுக்குமாடியை எதிர்க்கிறோம்" என்றார் கங்காதரன் கடைசியில். "ஆனா நகரோட தோற்றம்னு பார்க்கும்போது..."

"வளைவுக்குத் தூண் எங்க சார் நிக்கும்?" என்றாள் லோகநாயகி. "ரோட்டுலதானே? எருமை நின்ன அதே இடத்துல."

"எருமையும் வளைவும் ஒண்ணா மேடம்?"

"எருமை பாலாவது குடுத்தது."

புகாரைத் திரும்பப் பெறுவது என்று கை தூக்கினார்கள். தன் பெயர் அந்தக் கல்லில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள். வீட்டுக்கு வந்து, "ஒரு லட்டுக்கு அழற குழந்தைகூட இவ்வளவு சீக்கிரம் அடங்காது" என்றாள் கணவரிடம்.

புகார் கொடுத்தவர்களே வேண்டாம் என்ற பிறகு வேறு யார் தடுப்பார்கள்? மூலை மனையில் நாலு மாடி எழும்பியது. கடைசிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த பின்தான் உத்தமன் வளைவைக் கட்டினான். மிஞ்சிப்போன கம்பியும் சிமெண்டும்தான் சரக்கு. இரண்டு தூண்களையும் நன்றாக ரோட்டுக்குள் தள்ளி நிறுத்தினான். உயரத்தைக் குட்டையாக வைத்தான். திறப்புவிழாவன்று நாதஸ்வரம் வந்தது. கல்லில் தலைவர் பெயர் முதலில், பிறகு செயலாளர், பிறகு கமிட்டி. கடைசி வரியில், 'திருமதி லோகநாயகி கலியமூர்த்தி'.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வெயிலில், ஆள் நடமாட்டம் இருக்கும்போதே லோகநாயகி சுத்தியலும் உளியுமாக வளைவடிக்குப் போனாள். கலியமூர்த்தியும் பின்னாலேயே வந்தார். முதல் அடி வழுக்கியது.

"உளியைச் சாய்ச்சுப் பிடி. நேரா வச்சா எகிறும்" என்றார்.

அவளே ஒவ்வொரு எழுத்தாகப் பொளிந்து தள்ளினாள். கூட்டம் கூடியது. வீரராகவன் ஓடிவந்து, "என்னம்மா இது? என்ன பண்றீங்க?" என்று பதறினார்.

"என் பேரு, நான் எடுத்துக்கறேன்."

அந்த வாரமே, நகரின் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தித் தெருவின் தோற்றத்தைக் கெடுத்ததற்காக அவளைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். எருமைக்குப் போட்ட அதே வாசகம். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை வந்தது. அடுக்குமாடியின் ஆழ்குழாய் ஏற்கெனவே சுற்றிலும் இருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சியிருந்தது. சித்திரை பிறக்கும் முன்பே வீட்டுக் கிணறுகளில் வாளி தரை தட்டியது. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வந்தது. வளைவுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, மேலே பார்த்து, பக்கவாட்டில் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டான்.

"எந்தப் புண்ணியவான்யா இத்தக் கட்டுனது? வண்டி உள்ள பூராது. எல்லாம் கொடத்தத் தூக்கிகினு இங்க வாங்க."

மெயின் ரோட்டைப் பார்த்து நின்ற அடுக்குமாடிக்கு லாரியால் ஒரு சிரமமும் இல்லை. வளைவுக்கு உள்ளே இருந்தவர்கள்தான் குடங்களோடு அதன் நிழலில் வரிசை கட்டினார்கள். தூக்கியதெல்லாம் பெண்கள். கல்லில் பெயர் வெட்டிக்கொண்டவர்களில் ஒருவரும் குடம் தூக்கவில்லை. லோகநாயகியும் மற்றவர்களோடு நின்று, நாலாவது தெருவிலிருந்த தன் வீடுவரை சுமந்தாள். தோள் வீங்கி, பின்னால் கை எடுத்துத் தலைவாரக்கூட முடியாமல் போயிற்று.

வைகாசியில் கங்காதரன் அவள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக, அவரே நின்றுகொண்டு பேசினார். "மேடம், வளைவை எடுக்கச் சொல்லி ஒரு மனு. உங்களுக்கு எழுத வரும். சங்கத்து லெட்டர்பேடுல..."

"எழுதறேன் சார். ரோட்டுல இருக்கிற எல்லாத்தையும் எடுக்கணும்னு எழுதுவேன். வளைவு, உங்க படி, வேலி எல்லாம். கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "அது வேற விஷயம்."

"அப்ப குடத்தைத் தூக்கச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். மூன்று படிகளை இழப்பதைவிடத் தெருப் பெண்கள் முதுகொடியட்டும் என்று ஒரு மனிதர் முடிவெடுப்பதை லோகநாயகி தன் வாசலிலேயே பார்த்தாள். அன்று அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காலில் எதையோ மிதித்துவிட்டு, கழுவத் தண்ணீர் இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

நிலைமையை மாற்றியது வீரராகவன் மனைவி நாகவல்லி. சங்கம் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள். ஒரு நாள் இரண்டு குடங்களோடு திரும்பும்போது அவள் புடவை தன் வீட்டு முள்வேலியிலேயே மாட்டிக் கிழிந்து, ஒரு குடம் உருண்டது. அவள் மீதிக் குடத்தை இறக்கிவைத்தாள். வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். அடுத்த கம்பையும் பிடுங்கினாள். உள்ளே இருந்து, "நாகா, என்ன பண்றே?" என்று குரல் வந்தது.

"வாங்க, வெளிய வாங்க. வந்து ஒரு நடை தண்ணி தூக்கிட்டு அப்புறம் கேளுங்க!"

அவர் வரவில்லை. வரிசையிலிருந்த பெண்கள் நாலைந்து பேர் போய் மிச்சத்தையும் பிடுங்கினார்கள். அன்று மாலை நாகவல்லி, கையில் முள் கீறலோடு லோகநாயகி வீட்டுக்கு வந்தாள்.

"எழுதுங்கக்கா. நாங்க போடறோம் கையெழுத்து. ஆம்பளைங்க யாரும் வேணாம்."

ரோட்டில் நிற்கிற எல்லாவற்றையும் பற்றி எழுதினாள். தண்ணீர் வரிசையே கையெழுத்துப் போட்டது. வடிவுகூட, "எனக்கு இதுல இன்னா கெடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கைநாட்டு வைத்தாள். லோகநாயகி மறுபடியும் நடந்தாள், இந்தத் தடவை பஞ்சாயத்துக்கு. நாகவல்லியும் கூடவே நடந்தாள்.

ஆனால் மனு அசைந்தது ஐப்பசியில். மழை கொட்டி, கிணறுகள் நிரம்பி, லாரிக்கு வேலையே இல்லாமல் போன பிறகு ஒரு காலை ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். மிஞ்சிய சிமெண்டில் கட்டிய வளைவு மத்தியானத்துக்குள் விழுந்தது. கடப்பாரை கையில் இருக்கும்போதே கங்காதரன் வீட்டுப் படிகளையும் பெயர்த்தார்கள். அவர் போர்ட்டிகோவின் விளிம்பில் நின்று, தான் யார் தெரியுமா என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில், சங்கத்தின் இடையறாத முயற்சியால் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவருக்கு இன்னொரு பொன்னாடை. லோகநாயகியின் நீக்கத்தை ரத்து செய்திருப்பதாகச் சொல்ல வீரராகவன் வந்தார். அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். குடித்து முடித்ததும், "வேண்டாம் சார், போய்ட்டு வாங்க" என்றாள்.

அடுக்குமாடி அப்படியேதான் நின்றது. பொங்கலுக்குப் பிறகு உத்தமன் அதன் பக்கத்து மனையிலும் நாலு மாடிக்கு அஸ்திவாரம் தோண்டினான். நாகவல்லியும் இன்னும் சில பெண்களும் லோகநாயகி வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்கள். ஒரு வருஷம் அலைந்து நாலு மாடியை இரண்டாகக் குறைக்க முடிந்தது. முன்பக்கம் பத்தடிக்குப் பதில் ஏழடி கிடைத்தது. மற்றவர்கள் வெற்றி என்றார்கள். லோகநாயகி அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று, மீதி மூன்றடி போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.