காரைக்கால் வரைக்குமான டீசல்

டெல்டாப் பக்கத்திலிருந்து வெளிமாநில லோடு ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கர்நாடக எல்லையில் டாங்கை நிரப்பினால், அடுத்ததாகக் காரைக்காலில்தான் பங்க்குக்குள் வண்டியைத் திருப்புவார்கள். இரண்டு இடத்திலும் டீசல் தமிழ்நாட்டைவிடச் சற்று மலிவு. பூதலூர் நெடுமாறன் இப்படித் திட்டமிட்டு ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். சொந்த லாரி வாங்கிய பிறகு அந்தக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

அன்று லாரி நிறைய வெங்காயம். நாகூர் மண்டிக்காரர் அப்துல் ஹமீது முதன்முறையாக நம்பி ஒப்படைத்த லோடு. சாயங்காலம் சில்லறைக் கடைக்காரர்கள் வருவதற்குள் கொண்டுவந்து சேர்த்தால், இனி வாராவாரம் நெடுமாறனுக்கே லோடு என்று வாக்குக் கொடுத்திருந்தார். சரக்கை இறக்கிவிட்டு, நாகூரை ஒட்டியிருக்கும் காரைக்கால் எல்லையில் டீசல் போட்டுக்கொள்ளலாம் என்பது நெடுமாறனின் திட்டம். தஞ்சாவூரைத் தாண்டும்போதே டீசல் முள் அடியில் கிடந்தது. போய்விடலாம் என்று ஓட்டினார்.

கீழ்வேளூருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் வயல்களுக்கு நடுவே சுற்றிப் போக வேண்டியிருந்தது. நெல் ஏற்றிய டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, பாதி வழியில் லாரி இருமிக்கொண்டு நின்றேவிட்டது.

பக்கத்து வயலில் சம்பா அறுவடை. அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான நீலாம்பாள் வரப்பேறி வந்து என்னவென்று விசாரித்தார். நெடுமாறன் கூச்சத்தோடு எல்லாவற்றையும் சொன்னார்.

"வழியெல்லாம் பங்க்கா கெடக்கு. நீங்க காரைக்கால் டீசல்தான் குடிப்பேன்னு வெரதமா?" என்று சிரித்தவர், மிஷினுக்காக வரப்பில் வைத்திருந்த கேனைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்.

கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நெடுமாறனுக்குக் கை நீளவில்லை. "மிஷினுக்கு வேணுமேங்க?"

"அதுக்கு உள்ள நெறைய இருக்கு. புடிங்க. ஒங்க மண்டிக்காரரு காத்திருப்பாருல்ல."

டாங்க் வற்றிவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும்; டீசலை ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. மிஷின் ஓட்டுபவரும் இறங்கி வந்து, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். நிரப்பித் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, காலிக் கேனை நெடுமாறன் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

மெயின் ரோட்டில் ஏறியதும் கண்ணில் பட்ட முதல் பங்க்கிலேயே நெடுமாறன் லாரியை நிறுத்தினார். விலையைப் பார்க்கவில்லை. டாங்கையும் கேனையும் நிரப்பினார். அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கேனைக் கொடுத்தனுப்ப நினைத்தார், ஒருவரும் அகப்படவில்லை. இடி உறுமியது. திரும்பிப் போனால் நாகூருக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

 "மொதல்ல அந்தம்மா டீசலக் குடுத்துட்டு வாங்க தம்பி. கடைக்காரங்கள நான் டீ வாங்கிக் குடுத்து உக்கார வைக்கிறேன்" என்றார் அவர்.

திரும்பி வந்தபோது மிஷின் நடு வயலில் அசையாமல் நின்றது. நீலாம்பாளும் இரண்டு பெண்களும் அரிவாளோடு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நிறைய இருப்பதாக அவர் சொன்னது பொய் என்று நெடுமாறனுக்கு அப்போதுதான் விளங்கியது. கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

கடைசிப் பாத்தியை மிஷின் அறுத்து முடிக்கவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. நெல்லின் மேல் தார்ப்பாயை இழுத்து மூட நெடுமாறனும் ஒரு முனையைப் பிடித்தார். மண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்துக் கடைக்காரர்களை உட்கார வைத்திருப்பதையும் சொன்னார்.

"அடுத்த தடவயாச்சும் தஞ்சாவூர்ல டீசல் போடுவீங்களா?" என்று கேட்டார் நீலாம்பாள்.

"பாதி டாங்காவது போட்டுக்கறேங்க. நீங்க மட்டும் இல்லைன்னா..." நனைந்த கைகளைக் கூப்பினார்.

"சரி சரி, ஏறுங்க. டீ ஆறிப்போயிட்டா கடைக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றார் நீலாம்பாள்.