பவியேர்

இங்கிலாந்துக்காரர்களோடு நடந்த சண்டை ஓய்ந்த மறு வருஷம், தூர் நகரத்துக் கவசப் பட்டறையில் உள்துணி தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள் ஊதீன். பிரெத்தோன் பேசும் கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிரெஞ்சில் புதுச்சொல் ஒன்று காதில் விழுந்தால், அதன் அடிவேர் தெரியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. இப்போது பிடித்துக்கொண்ட சொல் பவியேர். மோவாயையும் கழுத்தையும் மூடுகிற இரும்புத் தகட்டுக்கு அதுதான் பெயர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் சம்மட்டிக்காரன் கொலார். "கிழக்கால பவியேர்னு ஒரு நாடு இருக்குல்ல? அங்கேருந்து வந்திருக்கும்."

அந்த ஜெர்மானிய நாட்டுக்காரனான உல்ரிக் பக்கத்திலேயே அரம் போட்டுக்கொண்டிருந்தான். "எங்க ஊர்ல இதைத் தாடின்னுதான் சொல்லுவோம். உங்க பேரை எங்க தலையில கட்டாத" என்றான்.

கொலார் திரும்பச் சம்மட்டியைத் தூக்கினான். ஊதீனுக்கோ குடைச்சல் கூடிப்போயிற்று.

அடுத்த வாரம் அங்கெரான் என்ற பிரபு தன் பவியேரோடு வந்தார். "உள்துணி நாறுதும்மா. மாத்திக் குடு."

ஊதீன் தையலைப் பிரித்தாள். துணி விறைத்து, வெள்ளை பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். வேர்வை நாற்றம் இல்லை. பல் முளைக்கும் அவள் மகளின் கழுத்துத் துணியில் தினமும் வருகிற அதே புளிச்ச வாடை.

"பிரபு, இதைப் போட்டுக்கிட்டு வாயைத் துடைக்க முடியுமா?"

"கை எங்க உள்ள போகுது? கத்திக் கத்தி ஆணை போட்டா எச்சில் ஒழுகத்தான் செய்யும்."

"கைக்குழந்தைக்கு எச்சில் வழியாம கழுத்துல ஒரு துணி கட்டுவோமே, அதுக்கு இந்த ஊர்ல என்ன பேரு? எங்க பாஷைப் பேருதான் எனக்குத் தெரியும்."

"அதுக்குப் பவி..." என்று ஆரம்பித்த பிரபு பாதியில் நிறுத்தினார். காது மடல் சிவந்தது. கொலாரின் சம்மட்டி நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து வாயில் புழங்குகிற சொல்லை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

உல்ரிக்தான் முதலில் சிரித்தான். பிரபு அவனை முறைத்தார். பிறகு அவருக்கே அடக்க முடியவில்லை.

"இருபது வருஷமா எச்சில் துணி கட்டிக்கிட்டா சண்டைக்குப் போயிருக்கேன்?"

"கழட்டித் துவைக்கிற மாதிரி ரெண்டு தைச்சுத் தரேன் பிரபு" என்றாள் ஊதீன். "எம் பொண்ணுக்கு ஆறு வெச்சிருக்கேன்."

அங்கெரான் விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப எனக்கு நாலா தை" என்றார்.