வைராய்டுக்கு ஒரு பட்டுச்சட்டை

ஒட்டன்சத்திரத்தில் என் செய்தி அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் தையல் கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு வைராய்டு வந்து, தனக்குச் சட்டை தைக்க வேண்டும் என்றது. தக்காளி லாரியில் வந்ததாம். ஜெய்லானி பாய் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்.

வைராய்டு, வைரஸைவிடச் சின்னது. வைரஸுக்கு உள்ளே மரபணு எழுத்துகளும் வெளியே புரதத்தில் ஒரு சட்டையும் உண்டு. வைராய்டுக்கு எழுத்துகள் மட்டும்தான். முந்நூற்று ஐம்பத்தொன்பது எழுத்துகள், வளையமாகக் கோத்தது. அதோடு சரி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பைபாஸ் சாலை மண்டபத்தில் நுண்கிருமிகள் சங்கத்தின் பொதுக்குழு. அன்றோடு உறுப்பினர் பட்டியலை மூடுகிறார்கள். மறுபடி திறக்க நாற்பது வருடம் ஆகும். உறுப்பினரானால் குடும்பத்துக்கே ஒரு தோட்டம் ஒதுக்குவார்கள். ஆனால் சட்டை போடாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை. வைராய்டின் குடும்பம் இதுவரை மூன்று பொதுக்குழுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது.

"புரதத்துலதான் தைக்கணுமாம் பாய்."

"பட்டு புரதம்தான். பிளவுஸ் வெட்டுன துண்டு நிறையக் கெடக்கு. கலர் பாருங்க."

வைராய்டு மாம்பழ மஞ்சளைக் காட்டியது. தோளும் கழுத்தும் இல்லாததால் பாய் சுற்றளவை மட்டும் எடுத்து நோட்டில் எழுதி, பக்கத்தில் துணித்துண்டைக் குத்தி வைத்தார். வியாழக்கிழமை ட்ரையல். அதுவரை கடைக்குப் பின்னால் அவர் மனைவி மைமூன் தொட்டியில் வளர்க்கும் தக்காளிச் செடியில் தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை சட்டை பாதியில் நின்றுவிட்டது.

"தம்பி, ரெண்டு நாள்ல உடம்பு போட்டுட்டீங்களே."

"அளவு குடுத்தது நான் இல்ல பாய். அவரைப் படி எடுத்ததுதான் நான். இருநூத்திப் பத்தாவது எழுத்து மாறிப்போச்சு. அந்த எடத்துலதான் புடைக்குது."

"அப்ப அவரக் கூப்பிடுங்க."

"அவர் எங்கன்னு தெரியல. இப்ப நாங்க நாலாயிரம் பேர். எல்லாம் அவசரத்துல எழுதுனது. சரிபார்க்க ஆள் கிடையாது."

நான் இருபத்தாறு வருடமாக நாளிதழில் இருப்பவன். எனக்கு இது உடனே புரிந்தது.

தையலுக்குள் பாய் எப்போதும் அரை விரல் துணி விட்டுத்தான் தைப்பார். அதைப் பிரித்துவிட்டார். அன்று மாலை போட்டுப் பார்க்க வந்தது வேறொருவர். அவருக்குப் புடைப்பு இல்லை, எதிர்ப்பக்கம் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை வந்தவருக்கு எல்லாப் பக்கமும் தொளதொளவென்று இருந்தது. உள்ளே விட்டிருந்த துணியும் தீர்ந்தது.

"செடியில இலையெல்லாம் சுருண்டு போச்சு" என்றார் மைமூன். "நாளைக்குள்ள இவங்கள ஒரு தோட்டம் பார்த்து அனுப்புங்க. இல்லன்னா நீங்க போய்த் தொட்டியில நில்லுங்க."

பாய் கடையில் 'ரெடிமேட் கிடையாது' என்று ஒரு பலகை உண்டு. கடை திறந்த நாளிலிருந்து தொங்குகிறது. சொந்த மைத்துனர் ரெடிமேட் சட்டையில் விருந்துக்கு வந்தார் என்பதற்காக அவரோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர் பாய். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பலகையை அவரே சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். நோட்டை மூடினார். யார் அளவும் பார்க்காமல் புதிதாக ஒரு மஞ்சள் பட்டுச்சட்டையைத் தைத்து ஆணியில் மாட்டினார்.

"இனிமே நான் மாத்த மாட்டேன்" என்றார். "நீங்க மாறிக்கிட்டே இருங்க. யாருக்குப் பொருந்துதோ அவர் போகட்டும்."

வைராய்டுகள் செடியிலிருந்து கல்லாப்பெட்டி வரை வரிசையில் நின்றன. ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தார்கள். வரிசையின் கடைசியில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். முன்னால் நின்றவர்கள், "இடிக்காதய்யா, நேத்துப் பொறந்துட்டு" என்று சத்தம் போட்டார்கள்.

சனிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு, பன்னிரண்டாயிரத்துச் சொச்சமாவது ஆளுக்குச் சட்டை சரியாக உட்கார்ந்தது. ஓர் எழுத்துகூடத் துருத்தவில்லை.

"கொஞ்சம் நடங்க" என்றார் பாய். வைராய்டு உருண்டு காட்டியது. பாய் தோள் என்று தான் நினைத்த இடத்தில் தட்டிக்கொடுத்தார்.

என் மொபெட்டில் கூட்டிப்போனேன். மண்டப வாசலில் ஒரு சளிக்காய்ச்சல் வைரஸ், சட்டை முழுக்கக் குமிழ்ப் பொத்தான்களோடு நின்றிருந்தது. பட்டுத்துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தது.

"யார் தைச்சது?"

"ஜெய்லானி பாய்."

"கை சுத்தம்" என்று வழிவிட்டது.

உள்ளே காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அதற்குப் பக்கத்தில் சங்கத்தின் மூத்த உறுப்பினரான பிரையான் அமர்ந்திருந்தது. பிரையான் முழுக்கவே புரதம். அதாவது ஒருவிதமாக மடித்த சட்டை மட்டும். உள்ளே ஆள் கிடையாது. விதி சட்டையைத்தான் கேட்கிறது என்பதால் அதற்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. அதன் பக்கத்தில் உட்காருகிற புரதமும் அதே மாதிரி மடிந்துவிடும் என்பார்கள்.

பதினொன்றே காலுக்கு வைராய்டின் பெயரைப் பட்டியலில் ஏற்றினார்கள். அம்பிளிக்கைப் பக்கம் யாரும் பயிரிடாத ஒரு தோட்டத்தை ஒதுக்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற குடும்பம் கைதட்டிய சத்தத்தில் தலைவர் உரையை இரண்டு முறை நிறுத்தினார். வைராய்டு புழுக்கம் தாளாமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் புறப்பட்டது. என் செய்தி ஐந்தாம் பக்கத்தில், கால்வாய் அடைப்புக்குக் கீழே வெளியானது.

ஞாயிற்றுக்கிழமை மைமூனின் செடி பூ விட்டது.

திங்கட்கிழமை காலை அந்த மஞ்சள் சட்டை தனியாக நடந்து கடைக்கு வந்தது. பிரையான் மாதிரியே மடிந்திருந்தது.

"உள்ள ஒரு ஆள் வேணும் பாய். தைச்சுத் தருவீங்களா?"

பாய் நோட்டைத் திறந்தார்.

"அளவு?"

"நான்தான் அளவு."

"வியாழக்கிழமை ட்ரையலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, பாய் எழுந்து போய்ப் பலகையை மறுபடி தெருப்பக்கம் திருப்பினார்.